வடசென்னையின் முதல் பெண் வாக்காளர்களைத் தேடுவது எப்படி? தனியாக ஆய்வு செய்பவருக்கு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு, எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராமல், சென்னை மாகாணப் பெண்கள் ஓட்டுரிமை பெற்றதைப் பற்றிய ஆவணங்களைப் பல வருடங்களாகத் தேடி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் புதியவர்கள் சிலரை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஆர்வமும் உழைப்பும் அவர்களிடம் நிறைய இருந்தன. ஆனாலும் பாதியில் நின்றுபோனார்கள். காரணம், தேடிய வரிசை.

பெரும்பாலோர் தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றில் தொடங்குவார்கள். அதிலேயே ஆறு மாதம் போய்விடும். தங்கள் தெருவில் யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற கேள்விக்கு வந்து சேரவே மாட்டார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் சட்டம், அப்புறம் அரசுக் கோப்பு, சட்டசபை விவாதம், பத்திரிகை, வாக்காளர் பட்டியல், கடைசியில் வீடு. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஒரு தேதியையோ பெயரையோ எடுத்துக் கொடுக்கும்.

1. கேள்வியைப் பேட்டை அளவுக்குக் குறுக்குங்கள்

"தமிழகப் பெண்களின் ஓட்டுரிமைப் போராட்டம்" என்பது ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை. "1923 தேர்தலில் ஜார்ஜ் டவுனில் ஓட்டுப் போடத் தகுதி பெற்ற பெண்கள் யார்?" என்பது முடியும். ஒரு பேட்டை, ஒரு தேர்தல், ஒரு கேள்வி. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

காப்பகத்தில் எதையெடுத்தாலும் சுவையாக இருக்கும். எது நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்று அந்த ஒரு வரிதான் சொல்லும்.

இன்னொன்று. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, பெரம்பூர் எல்லாவற்றையும் "வடசென்னை" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். பவழக்காரத் தெருவில் சொந்த வீடு வைத்திருந்த விதவையும், புளியந்தோப்பில் குடிசையில் இருந்த ஆலைத் தொழிலாளியின் மனைவியும் ஓட்டுரிமையின் பார்வையில் வேறு வேறு உலகத்தில் இருந்தார்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

2. சட்டத்தை முதலில் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் தவறியிருக்கிறார்கள். அதனால் இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போகலாம்.

ஓட்டுரிமை ஒரே நாளில் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்துவிடவில்லை. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று சென்னையில் மாண்டேகுவை (இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர்) சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. அதே ஆண்டு மே மாதம் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தது. யாருக்கு ஓட்டு என்று ஆராய வந்த சவுத்பரோ கமிட்டி அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. 1919 இந்திய அரசாங்கச் சட்டம் முடிவை மாகாண சட்டசபைகளிடம் விட்டது. சென்னை சட்டசபை 1921 ஏப்ரல் 1 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. மே 10 அன்று அரசாணை எண் 108 வெளிவந்தது.

ஆகவே 1920 தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போடவில்லை. 1923 தேர்தல்தான் முதல் தேர்தல். "எங்கள் கொள்ளுப்பாட்டி 1920-இல் ஓட்டுப் போட்டார்" என்று ஒரு குடும்பம் உறுதியாகச் சொன்னால், அது வேறு தேர்தலாக இருக்க வேண்டும், அல்லது ஆண்டு தவறாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்திருந்தால்தான் அந்த இடத்தில் நின்று யோசிப்பீர்கள்.

அடுத்தது தகுதி. 1921-இல் நீங்கியது "பெண்" என்ற தடை மட்டும். சொத்து, வரி தொடர்பான தகுதிகள் ஆணுக்கு இருந்தது போலவே பெண்ணுக்கும் இருந்தன. கணவர் பெயரில் வீடு இருந்தால் மனைவிக்கு ஓட்டு இல்லை. வடசென்னையில் தேட வேண்டியது யாரை என்பது இதிலிருந்தே வந்துவிடுகிறது: தன் பெயரில் வீடு இருந்த விதவை, சீதனச் சொத்து உள்ளவர், தொழில் செய்து தாமே வரி கட்டிய பெண். சங்கத் தலைவர்களின் பெயர்ப்பட்டியலும் இந்தப் பட்டியலும் ஒன்றாக இருக்காது.

1935 சட்டம் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. எழுத்தறிவு ஒரு தகுதியானது. கணவரின் சொத்துத் தகுதி வழியாகவும் பெண்ணின் பெயர் பட்டியலில் ஏற வழி வந்தது. சென்னை சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. ஆக, 1937 தேர்தல் பட்டியலில் நீங்கள் பார்க்கும் பெண்கள் 1923 பட்டியலின் பெண்களை விட வேறு வகையினர். இரண்டையும் ஒப்பிட்டு "பெண்களின் ஆர்வம் பெருகியது" என்று எழுதிவிடாதீர்கள். பெருகியதில் பெரும்பங்கு சட்டத்தின் வேலை.

புளியந்தோப்புக் குடிசைப் பெண்ணுக்கு ஓட்டு வந்தது அரசியல் சாசனத்தோடுதான். 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று ஆன பிறகு, 1952 தேர்தலில். அவரை விட்டுவிட்டு 1921-ஐ மட்டும் எழுதினால், வடசென்னையில் பாதிக்கு மேல் ஆளில்லாத வரலாறாகிவிடும். எனக்கு இது மிக முக்கியம். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று இரண்டு பத்திகளும் உங்கள் நோட்டில் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

இந்த ஆண்டுகளை ஒரு அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: சட்டசபைத் தேர்தல் வேறு, மாநகராட்சித் தேர்தல் வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனித் தகுதி. ஒரு ஆவணத்தில் "எலெக்‌ஷன்" என்று பார்த்ததும் எந்தத் தேர்தல் என்று பாருங்கள்.

3. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

காப்பகத்துக்கு அடையாள அட்டை, அதன் நகல், புகைப்படம், உங்கள் ஆய்வு என்ன என்று ஒரு பக்கக் குறிப்பு, ஒரு அறிமுகக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பல்கலைக்கழகம் சாராதவர்கள் தடுமாறுவது இந்தக் கடிதத்தில்தான். உங்களுக்குத் தெரிந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். விதிகள் மாறும் என்பதால் போகுமுன் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

ஆய்வுக் குறிப்பில் "பெண்கள் வரலாறு" என்று பொதுவாக எழுதாமல், வேண்டிய துறை, ஆண்டுகள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அதைப் படிக்கும் ஊழியர் உங்களுக்கு எந்த இண்டெக்ஸ் வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்.

பென்சில் எடுத்துப் போங்கள், பேனா வேண்டாம். பழைய தாள் தொட்டால் உதிரும்.

4. எழும்பூரில் இண்டெக்ஸிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கமிருந்து மெட்ரோவில் வந்து சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். காலையில் சீக்கிரம் போங்கள். கேட்ட கோப்பு கைக்கு வர நேரமாகும். மதியம் போனால் அன்றைய நாள் வீண்.

உள்ளே போனதும் "பெண்கள் ஓட்டுரிமைக் கோப்பு கொடுங்கள்" என்று கேட்க முடியாது. அப்படி ஒரு கட்டு அங்கே இல்லை. கோப்புகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக, எண்வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அரசாணை எண் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் "ஜி.ஓ. 108, 1921" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்தத் துறையின் 108 என்று தெரியாது. துறை, எண், தேதி மூன்றும் வேண்டும். 1921 மே மாத ஆணைக்குச் சட்டத்துறையின் சட்டமியற்றல் பிரிவைப் பாருங்கள். மாநகராட்சி சம்பந்தப்பட்டது என்றால் லோக்கல் அண்டு முனிசிபல் துறை, பிந்தைய ஆண்டுகளுக்கு லோக்கல் செல்ஃப் கவர்ன்மெண்ட் துறை.

என் முறை இது. முதல் நாள் கோப்பே கேட்க மாட்டேன். 1917 முதல் 1923 வரை அந்தந்தத் துறையின் இண்டெக்ஸை மட்டும் வரி வரியாகப் பார்ப்பேன். இண்டெக்ஸ் ஆங்கிலத்தில் இருக்கும். "உமன்" என்ற சொல்லின் கீழ் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். "ஃபிரான்சைஸ்" (ஓட்டுரிமை), "எலெக்‌ஷன்", "எலெக்டோரல் ரோல்", "செக்ஸ் டிஸ்குவாலிஃபிகேஷன்" ஆகிய சொற்களின் கீழும் பாருங்கள். கடைசிச் சொல்தான் அக்கால அரசு மொழி. "பெண் என்பதால் உள்ள தகுதியின்மையை நீக்குதல்" என்றுதான் அவர்கள் எழுதினார்கள். என்னோடு வந்த ஒரு மாணவி மூன்று நாள் "சஃப்ரேஜ்" (இதுவும் ஓட்டுரிமைதான்) என்ற சொல்லை மட்டுமே தேடிக்கொண்டிருந்தார். சொல்லை மாற்றியதும் ஒரே காலையில் நோட்டு நிறைந்தது.

கோப்பு கையில் வந்ததும் நேராக ஆணைக்குப் போகாதீர்கள். ஆணை இரண்டு பக்கம்தான். அதற்கு முன்னால் இருக்கும் குறிப்புகளில்தான் உயிர் இருக்கிறது: எந்த அதிகாரி என்ன தயங்கினார், கோஷா பெண்கள் (திரைமறைவில் வாழ்ந்தவர்கள்) எப்படி ஓட்டுப் போடுவார்கள், பெண்ணின் பெயரை எப்படிச் சரிபார்ப்பது என்பது போன்ற நடைமுறைக் கேள்விகளை அங்கே எதிர்பார்த்துப் படியுங்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் துறை, அரசாணை எண், தேதி, பக்கம் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி ஒரு நாள் போக வேண்டும். புகைப்படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்காமல் போனை வெளியே எடுக்காதீர்கள்.

5. சட்டசபை விவாதம்

தீர்மானத் தேதி கையில் இருப்பதால் இது சுலபம். சென்னை சட்டசபை நடவடிக்கைகளின் 1921 தொகுதியைக் கேட்டு, ஏப்ரல் 1-க்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் படியுங்கள். ஆதரித்துப் பேசியவர்களை மட்டும் குறிக்காமல், எதிர்த்தவர்களின் காரணங்களையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். பத்திரிகையில் அதே காரணம் வேறு ஆளின் பெயரில் திரும்ப வரும்போது அடையாளம் காண அது உதவும்.

6. பத்திரிகைகளில் தேடும் விதம்

தேதி இல்லாமல் பழைய பத்திரிகையில் கை வைக்காதீர்கள். ஒரு வருட நாளிதழைப் புரட்ட ஒரு மாதம் போதாது. இத்தனை படிகளுக்குப் பிறகு பத்திரிகைக்கு வரச் சொல்வது இதற்காகத்தான்.

தமிழில் தேடும்போது அந்தக் காலத்துச் சொல்லைப் பயன்படுத்துங்கள். "பெண்கள் வாக்குரிமை" என்று இன்று நாம் சொல்வதை அன்று "ஸ்திரீகளுக்கு வோட்டு", "மாதர் வோட்டுரிமை" என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். தமிழ் மின்னூலகத்தில் தலைப்பை வைத்துத் தேடும்போதும் இப்படியே நாலைந்து விதமாக அடித்துப் பாருங்கள்.

தமிழ் வருடத்தில் ஏமாறுபவர்கள் உண்டு. மாதப் பத்திரிகைகள் பல, ஆங்கிலத் தேதி போடாமல் தமிழ் வருடமும் மாதமும் மட்டும் போட்டிருக்கும். 1921 ஏப்ரல் 1 ரௌத்திரி வருடம் பங்குனி மாதம். மே 10 துன்மதி வருடம் சித்திரை. இடையில் வருடம் பிறந்துவிட்டது. துன்மதிக் கட்டை மட்டும் பார்த்தால் தீர்மானம் நிறைவேறிய செய்தியே கண்ணில் படாது.

எங்கே பார்ப்பது? மாதர் சங்கம் 1918 முதல் நடத்திய ஸ்திரீ தர்மம் இதழுக்கு அடையாறு நூலகத்தில் விசாரியுங்கள். அது பெரும்பாலும் ஆங்கிலம், ஆனால் தமிழ், தெலுங்குப் பகுதிகளும் உண்டு. அதைத் தவறவிடாதீர்கள். தமிழ் நாளிதழ்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த மறைமலை அடிகள் நூலகம் இப்போது கன்னிமாரா வளாகத்துக்கு வந்துவிட்டது. தெருவில் போய் அலைய வேண்டாம். பெண்கள் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம்.

காப்பகத்திலேயே சுதேசிப் பத்திரிகைகள் பற்றிய வாராந்தர அறிக்கைகள் இருக்கின்றன. தமிழ், தெலுங்குப் பத்திரிகைகளில் வந்ததை அரசாங்கம் ஆங்கிலத்தில் சுருக்கி வைத்தது அது. தேதி கண்டுபிடிக்க அருமையான வழி. ஆனால் அதை மேற்கோள் காட்டி நிறுத்திவிடாதீர்கள். எதைச் சுருக்குவது என்று தேர்ந்தெடுத்தது அரசாங்கம். தேதியை எடுத்துக்கொண்டு மூலத் தமிழைத் தேடிப் போங்கள்.

1921 கோடையைத் தாண்டியதும் சென்னைப் பத்திரிகைகளில் பின்னி ஆலை வேலைநிறுத்தச் செய்தி வரத் தொடங்கும். ஆகஸ்ட் 29 துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்புக் கலவரம் என்று பக்கங்கள் போகும். பெண்கள் ஓட்டைத் தேடுகிறவர் அவற்றைத் தள்ளிவிட்டுப் போவார். தள்ளாதீர்கள். சொத்தில்லாததால் ஓட்டில்லாத நம் பேட்டைப் பெண்கள் அந்த வருடம் என்ன பாடுபட்டார்கள் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

அதே காரணத்துக்காக வேப்பேரி பெரியார் திடல் நூலகத்துக்கும் போங்கள். குடி அரசு, விடுதலை இதழ்களைப் பாருங்கள். 1938 நவம்பர் 13 அன்று தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது நம் ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில், வால்டாக்ஸ் சாலையில். ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் கொடுத்த மாநாடு அது. நீலாம்பிகை, தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மீனாம்பாள் சிவராஜ் போன்றவர்களின் பேச்சையும் செயலையும் அடையாற்று ஸ்திரீ தர்மம் இதழில் மட்டும் தேடினால் சரியாகக் கிடைக்காது. ஒரே நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய வரலாற்றில் அந்த நூலகத்துக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

7. பட்டியலில் பெண்ணைக் கண்டுபிடிப்பது

பழைய வாக்காளர் பட்டியல் தொடர்ச்சியாக, முழுமையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிடைத்ததை வைத்துத்தான் வேலை. பட்டியல் இல்லாத இடத்தில் வரி விவரம், பத்திரப் பதிவு, பள்ளி, மருத்துவமனை ஆண்டறிக்கைகள் என்று சுற்றி வளைத்துப் போக வேண்டும். ராயபுரம் நார்த்விக் பள்ளி, ரெய்னி மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை பார்த்த பெண்கள் தாமே சம்பாதித்தவர்கள். அந்தப் பெயர்களைத் தனியாக எழுதி வைத்து, பட்டியல் கிடைக்கும்போது ஒப்பிடுங்கள்.

பட்டியல் கையில் வந்தால் மூன்று சிக்கல்கள் காத்திருக்கும்.

முதலாவது தெருப் பெயர். பிராட்வே இன்று பிரகாசம் சாலை. சைனா பஜார் சாலை இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. தெருவைப் பழைய வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். வீட்டு எண்ணை நம்பவே வேண்டாம். பழைய எண், புது எண் என்று மாறியிருக்கும்.

இரண்டாவது எழுத்து. ஆங்கிலப் பட்டியலில் தமிழ்ப் பெயர் எழுதுபவரின் காதுக்குக் கேட்டபடி இருக்கும். முனியம்மாள் ஒரு பக்கத்தில் ஒரு விதம், அடுத்த பக்கத்தில் வேறு விதம். தெலுங்கு பேசும் குடும்பம் என்றால் அம்மாளுக்குப் பதில் அம்மா என்று முடியும். அகர வரிசையை நம்பாமல் தெரு முழுவதையும் படியுங்கள்.

மூன்றாவது, எனக்கு மனசு வலிக்கிற விஷயம், பெயரே இல்லாமல் போவது. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்று மட்டும் சொல்லிச் சொந்தப் பெயரைத் தராத பெண்கள் நாட்டில் சுமார் 28 லட்சம் பேர். அவர்கள் பட்டியலில் சேரவில்லை. இது பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது. ஆகவே, "வடசென்னையிலும் இப்படித்தான்" என்று கையில் ஆதாரமில்லாமல் எழுதக் கூடாது. ஆனால் நம் பேட்டைப் பட்டியலைப் படிக்கும்போது இந்தக் கேள்வியை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு அட்டை போடுங்கள். பெயர் பட்டியலில் இருக்கும் எழுத்திலேயே, தெரு, தகுதி எதனால் வந்தது, எடுத்த இடம். யூகத்தை வேறு நிறப் பென்சிலில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது ஆவணம், எது நம் நினைப்பு என்று பிரிக்க வேறு வழி கிடையாது.

8. வீட்டுக்குப் போய்க் கேட்பது

1952-இல் ஓட்டுப் போட்டவர் இன்று இருந்தால் தொண்ணூற்றைந்தை ஒட்டிய வயது. நீங்கள் பேசப் போவது பெரும்பாலும் அவர்களின் பிள்ளைகளிடம். அதனால் ஒரே வீட்டில் இரண்டு பேரிடமாவது, தனித்தனியாகக் கேளுங்கள்.

"எந்த வருஷம் முதல்ல ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டால் யாருக்கும் சரியாக வராது. "ஆயா, ஓட்டுச் சீட்டை எங்க போட்டீங்க?" என்று கேளுங்கள். 1952, 1957 தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். "மாட்டுப் பெட்டியில போட்டேன்" என்றால் அது காங்கிரஸின் இரட்டைக் காளைப் பெட்டி, அந்தக் காலம். "முத்திரை குத்தினேன்" என்றால் பிந்தைய தேர்தல். இப்படி ஆண்டு தானாக வந்து விழும்.

வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கினால் தடுக்காதீர்கள். அது முடியட்டும். இன்னொரு நாள், அடுப்படி வேலை முடிந்த மதிய நேரத்தில் போங்கள். "யாருக்குப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவருடைய ரகசியம். அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்யவும், பெயரை வெளியிடவும் தனித்தனியாக அனுமதி வாங்குங்கள்.

9. எழுதி முடித்ததும் சரிபார்க்க வேண்டியவை

நன்கு படித்தவர்களின் எழுத்திலும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் இவை. 1921-இல் ஓட்டுரிமை தந்தபோது முதல் மந்திரியாகப் பனகல் அரசர் இருந்தார் என்று எழுதுவது. தீர்மானமும் ஆணையும் வந்தபோது சுப்பராயலு ரெட்டியார்தான் அந்தப் பதவியில் இருந்தார். பனகல் அரசர் பொறுப்பேற்றது அந்த வருடம் ஜூலையில். ஓட்டுப் போடும் உரிமையையும் சட்டசபையில் உட்காரும் உரிமையையும் ஒன்றாக்குவது இன்னொரு தவறு. இரண்டாவது 1926-இல்தான் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் வென்று சபைக்குப் போனார் என்று எழுதுவதும் சரியல்ல. அவர் நியமன உறுப்பினர். 1927-இல் துணைத்தலைவராக உறுப்பினர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1926-இல் தேர்தலில் நின்றவர் கமலாதேவி சட்டோபாத்யாயா. குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன், பேசிய வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். ஒருமுறை அப்படிப் படித்தபோது, மகள் குறுக்கிட்டு அம்மாவின் பெயரைத் திருத்தினார். வீட்டில் கூப்பிட்ட பெயரை நான் எழுதியிருந்தேன், பள்ளிப் பெயர் வேறு. அந்தப் பெயரோடு மறுபடி பட்டியலைப் படித்தேன். நான் ஏற்கெனவே இரண்டு முறை கடந்துபோன தெருவில், ஏழாவது வரியில் இருந்தார். இப்படித் திருத்தம் வரும்போது அட்டையில் பழைய பெயரை அழித்துவிடாமல் பக்கத்திலேயே புதியதையும், யார் சொன்னார், எந்தத் தேதி என்பதையும் எழுதுங்கள். அடுத்த பட்டியலில் அவர் எந்தப் பெயரில் இருப்பார் என்று இப்போதே சொல்ல முடியாது.